முடிச்சுப் போடாத வயர்

மூன்று வருடங்களுக்கு முன்னர், பெரும்போகத்துக்கு வயலை உழுது விதைத்துவிட்டு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், கிளிநொச்சி உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இதை எழுத நான் இன்று உயிரோடு இருப்பதற்குக் காரணம் என் கெட்டித்தனம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கெட்டித்தனம் மட்டும் இருந்திருந்தால் வீட்டில் மாலை போட்ட படமாகத்தான் தொங்கிக்கொண்டிருப்பேன்.

நான் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளர். பிள்ளைகளுக்குச் சோதனைக் குழாய் கழுவி வைப்பது, மின்கலம் எடுத்துக் கொடுப்பது, உடைந்ததைக் கணக்கெழுதுவது, இவைதான் என் வேலை. வீட்டுக்கு வந்தால் எனக்கு வேறொரு பைத்தியம். பழுதான ரேடியோ, சார்ஜ் லைட், சின்ன அம்ப்ளிபயர் என்று எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டிருப்பேன். பின்னறையில் ஜன்னலோடு ஒட்டிய மேசையை என் கணவர் "உம்மட ஆஸ்பத்திரி" என்பார். அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை என்பது அவருடைய பகிடி.

எனக்கு நெடுநாளாக ஒரு ஆசை இருந்தது. மேசையில் வைத்து வேலை செய்ய ஒரு பவர் சப்ளை வேண்டும். ஒன்றுக்கு ஐந்து வோல்ட் வேண்டும், இன்னொன்றுக்கு ஒன்பது, வேறொன்றுக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு முறையும் டோர்ச் பட்டறிகளை அடுக்கிக் கட்டி அலுத்துவிட்டது. ஒரு பெட்டி, அதில் ஒரு திருகி, திருகினால் வேண்டிய வோல்ட் வரவேண்டும். கடையில் வாங்கலாம்தான். ஆனால் நானே செய்தது என்று சொல்லிக்கொள்ள முடியாதே.

ஒரு சனிக்கிழமை வவுனியாவுக்குப் போய் அதற்கு வேண்டிய ஐசி, திருகி, ஒரு சின்ன இலக்க மீட்டர் எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். நல்ல ட்ரான்ஸ்போமர் மட்டும் கிடைக்கவில்லை. பஸ் புளியங்குளத்தில் காற்றுப் போய் நின்றது. டயர் மாற்றும்வரை நிழல் தேடி நடந்தபோது ஒரு பழைய இரும்புக் கடை கண்ணில் பட்டது. உடைந்த சைக்கிள்கள், தகரங்கள், தண்ணீர்ப் பம்புகளுக்கு நடுவில் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. இரண்டு பாண் ரொட்டிகளை அடுக்கிய அளவுதான் இருக்கும். முன்பக்கத்தில் ஒரு பழைய முள் மீட்டர். தூக்கிப் பார்த்தேன், கை இழுத்தது. உள்ளே ட்ரான்ஸ்போமர் இருக்கிறது என்று எடையே சொல்லிவிட்டது.

"அது நிலத்துக்குள்ள இருந்து வந்த சாமான் அக்கா," என்றார் கடைக்காரத் தம்பி. "உடையார்கட்டுப் பக்கம் ஆரோ கிணத்தடி துப்புரவாக்கேக்க எடுத்ததாம். உரப்பை சுத்தி, சைக்கிள் ரியூப்பால கட்டி, கிரீஸ் பூசித் தாட்டிருக்கினம்."

"வேலை செய்யுமோ?"

"செய்யும். ஒராள் வாங்கிக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டந்து தந்திட்டார். கரண்டே இல்லாமல் முள்ளு தானா எழும்புதாம். வீட்டுக்காரி பயப்பிடுறாவாம்."

நான் சிரித்துவிட்டேன். பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போரின் கடைசி மாதங்களில் எங்கள் சனம் கொண்டுபோக முடியாததையெல்லாம் மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போனது. தையல் மெஷின், ரீவி, பித்தளைக் குடம், கலியாண அல்பம். திரும்பி வந்து எடுத்தவர்களும் உண்டு, இடம் தெரியாமல் விட்டவர்களும் உண்டு. யாரோ இந்தப் பெட்டியையும் அப்படித்தான் பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த யாரோ ஒருவரைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. மடியில் இருந்த ட்ரான்ஸ்போமரைப் பற்றித்தான் யோசித்தேன்.

வீட்டில் கணவர் பெட்டியைக் கண்டதும் முகம் மாறினார்.

"உமக்கென்ன விசரே? மண்ணுக்குள்ள இருந்து வந்த இரும்பை வீட்டுக்குள்ள கொண்டு வாறீர். பள்ளிக்கூடச் சுவரில ஒட்டியிருக்கிற படம் உமக்கில்லையோ?"

அவர் சொன்னது சரி. இனந்தெரியாத இரும்பு எதையும் தொடாதே என்று மண்டையோடு போட்ட படம் எங்கள் ஆய்வுகூடக் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. அதை ஒட்டியதே நான்தான். "இது வெடிக்கிற சாமான் இல்லையப்பா, ரேடியோக்காரரின்ர பெட்டி," என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்று பின்னேரமே மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த வேலையைப் பார்த்ததும் செய்தவர் மேல் மரியாதை வந்தது. ஒவ்வொரு வயரும் ஒரே நீளத்தில் வளைத்து, நூலால் கட்டி, ஈயத்தால் அளவாகப் பற்றவைத்திருந்தது. ட்ரான்ஸ்போமருக்குக் கீழே அதிராமல் இருக்க ஒரு துணியை மடித்து வைத்திருந்தார். நீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட துணி, நான்கு விளிம்பும் மடித்துப் பொடித் தையல் போட்டது. அதை எடுத்துக் கழுவிக் காயப்போட்டு, மேசை துடைக்க வைத்துக்கொண்டேன்.

வயர்கள் எல்லாம் ஒரே கறுப்பு நிறம். சிவப்பு, பச்சை என்று பார்த்து வாங்க அந்த நாட்களில் வன்னிக்குள் எங்கே சாமான் வந்தது? அதற்குப் பதிலாகச் சில வயர்களில் ஒரு முடிச்சு இருந்தது. முனைக்குக் கொஞ்சம் முன்னால், சின்னதாக, இறுக்கமாக. அதைக் கண்டதும் எனக்கு வாயெல்லாம் பல். எங்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான். பட்டறி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலத்தில் என் அண்ணா கரண்ட் வருகிற வயரில் முடிச்சுப் போட்டு வைப்பார். முடிச்சு இருந்தால் கரண்ட் இருக்கிறது, கை வைக்காதே. முடிச்சு இல்லையென்றால் பயமில்லை. எங்கள் ஆட்களின் பாஷை, எனக்கா புரியாது?

பெட்டியின் சட்டம் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ட்ரான்ஸ்போமர், மின்னைச் சேர்த்து வைக்கும் பெரிய கப்பாசிற்றர், முள் மீட்டர் மூன்றும் அவருடையவை. ஐசியும் திருகியும் இலக்க மீட்டரும் என்னுடையவை. ஒரே ஒரு வயர் மட்டும் எதனோடும் சேராமல் தனியாக நின்றது. ட்ரான்ஸ்போமருக்குள்ளிருந்து வந்து, முனையில் நாடா சுற்றி, ஓரமாக மடித்து விடப்பட்டிருந்தது. அதில் முடிச்சு இல்லை. சில ட்ரான்ஸ்போமர்களில் இரைச்சலைக் குறைக்க ஒரு வயரைப் பெட்டியின் உடலோடு சேர்ப்பார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். முடிச்சில்லாத வயர், கரண்ட் இல்லாத வயர், ஆகவே அதுதான் இது. நாடாவைக் கழற்றி அந்த வயரைப் பெட்டியின் உடலில் ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். செய்தவர் மறந்துபோன வேலையை முடித்து வைத்துவிட்டதாக ஒரு பெருமை வேறு.

இன்னும் இரண்டு குற்றங்களையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். பெட்டியோடு வந்த பழைய இரண்டு முனைப் பிளக்கையே வைத்துக்கொண்டேன், கசிகிற மின்னை நிலத்துக்கு இறக்கும் புவித்தொடுப்பு வயர் அதில் இல்லை. கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து வெட்டுகிற, வீட்டு மெயினில் இருந்த டிரிப் சுவிட்ச் மழைக்கு மழை விழுந்து கரைச்சல் தருகிறது என்று, முந்திய மாரியிலேயே அதை விலக்கி நேராக இணைப்பித்திருந்தோம். அது விழுந்தது எதற்காக என்று யாரும் கேட்கவில்லை.

பெட்டி முதல் நாளே வேலை செய்தது. திருகியைத் திருப்பத் திருப்ப இலக்கங்கள் ஏறின. ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, ஒரு நோயாளி பிழைச்சிட்டார்," என்றார். பிளாஸ்ரிக் திருகியைத்தான் அவர் தொட்டார். நல்ல காலம், இரும்பில் கை வைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தொடங்கியது.

முதலில் மணம். பெட்டி கால் மணி நேரம் ஓடிச் சூடானதும் அறை முழுக்க ஈர மண் மணத்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, வயல் வெடித்துக் கிடக்கிறது, என் மேசையில் மட்டும் மழை பெய்த மணம். ட்ரான்ஸ்போமரின் இடுக்குகளில் மண் ஒட்டியிருக்கும், சூட்டுக்கு மணக்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் அது வயல் மண்ணின் மணமாக இல்லை. தோண்டிய குழியின் மணமாக இருந்தது. வன்னியில் இருந்தவர்களுக்கு அந்த மணத்தை விளக்கத் தேவையில்லை. பங்கருக்குள் மணிக்கணக்காகக் குந்தியிருந்த மூக்குகள் எங்களுடையவை.

அடுத்தது முள். வேலை முடிந்து பிளக்கைக் கழற்றியதும், கப்பாசிற்றரில் மிச்சமாக நிற்கும் மின்னை ஒரு ஸ்க்ரூ ட்ரைவரால் முட்டவைத்து இறக்கிவிடுவேன். சடக்கென்று ஒரு பொறி, முள் பூச்சியத்தில் விழும். அன்று விழுந்தது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பார்க்கிறேன், முள் இரண்டில் நிற்கிறது. பிளக் மேசையில், என் கண்ணெதிரே கிடக்கிறது. மறுபடி இறக்கினேன். விழுந்தது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் இருந்தேன். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு அந்த முள் மெல்ல, மிக மெல்ல, நித்திரையால் எழும்புகிற ஆள் போல எழும்பியது.

அதற்கும் புத்தகத்தில் காரணம் இருக்கிறது. பெரிய கப்பாசிற்றர்கள் மின்னைக் கொஞ்சம் தமக்குள் உறிஞ்சி வைத்திருக்கும், இறக்கினாலும் பிறகு மெதுவாகக் கசியும். தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் காரணம் தெரிந்தது தலைக்கு மட்டும்தான். இருட்டுப்படுகிற மைம்மல் பொழுதில், அறையில் வேறு யாரும் இல்லாமல், அந்த முள் எழும்புவதைப் பார்க்கும்போது முதுகு சில்லிட்டது.

மூன்றாவது, தொடுகை. பெட்டி ஓடும்போது அதன் மேல் விரல் நுனியை மெதுவாக இழுத்தால் இரும்பு இரும்பாக இல்லை. மெல்லிய உரோமம் முளைத்த தோல் போல இருந்தது. விரலை எடுத்தால் ஒன்றுமில்லை, இழுத்தால் மறுபடி அந்த நடுக்கம். உள்ளிருந்து யாரோ என் விரலை உணர்ந்து பதிலுக்குத் தடவுகிற மாதிரி. பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொட்டால் வெறும் குளிர்ந்த இரும்பு. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், அதன் சின்ன விளக்கு எரிந்தது. இரண்டு முனைப் பிளக் சாமான்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் எரியும்தானே என்று விட்டுவிட்டேன். மல்டிமீட்டரை வைத்து அளந்திருக்கலாம். அளக்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

ஒரு காலையில் பெட்டிக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் ஒரு பல்லி செத்துக் கிடந்தது. முன்கால்கள் பெட்டியில், வால் கம்பியில், விறைத்துப்போய். முதல் நாள் பெட்டியை நிற்பாட்ட மறந்துவிட்டேன். பல்லி சொன்னால் என்ன, விழுந்தால் என்ன என்று பலன் பார்க்கிற என் கணவருக்கு, பல்லி செத்தால் என்ன என்று எந்தக் கலண்டரிலும் கிடைக்கவில்லை.

"இஞ்சாரும், அந்தப் பெட்டிக்குள்ள ஆரோ இருக்கினம். கொண்டுபோய்க் குடுத்திட்டு வாரும்," என்றார்.

"இருந்தால் நல்லதுதானே. ட்ரான்ஸ்போமர் சுத்தப் பழகினவர். எனக்கு உதவிக்கு ஆள் வேணும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. அந்தக் கிழமையிலிருந்து நான் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். பெட்டிக்கு முதுகு காட்டி இருக்க என்னால் முடியவில்லை. சின்ன முணுமுணுப்போடு ஓடும் அந்தப் பெட்டியை நிற்பாட்டியதும், அறையில் இருந்த ஒருவர் கதையை நடுவில் விட்டுவிட்டுப் போனது போல இருந்தது. பயந்தேன் என்று அன்று யாரிடமும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன், நன்றாகவே பயந்தேன். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறெதற்கோ பயந்துகொண்டிருந்தேன்.

மழை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. பாடசாலை விட்டு வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மேசையில் ஒரு அம்ப்ளிபயரைப் பெட்டியோடு இணைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் மூடி திறந்திருந்தது. வானம் இருண்டு, தகரத்தில் கல்லெறிந்தாற்போல் மழை கொட்டத் தொடங்கியது. அந்த நேரம் முற்றத்தில் யாரோ கூப்பிட்டார்கள்.

எனக்குச் சட்டை தைத்துத் தருகிற அக்கா. சந்தியில் தையல் கடை வைத்திருப்பவர். வழமையாக நான்தான் போய் எடுப்பேன். அன்று எங்கள் பக்கம் ஒரு வேலையாக வந்தவர், கையோடு கொண்டுவந்திருந்தார். பத்து வருடமாக அவரைத் தெரியும். என் தோள் அளவு அவருக்கு மனப்பாடம். அவருடைய நெற்றியில் எப்போதும் குங்குமப் பொட்டு இருக்கும், வீட்டில் எப்போதும் அவர் மட்டும்தான் இருப்பார். கணவர் எங்கே என்று நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

"மழை விடட்டும், இருந்திட்டுப் போங்கோ அக்கா," என்று பின்னறைக்கே கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருத்தினேன். என் பெட்டியை ஒருவருக்குக் காட்டுவதற்குக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவேனா? திருகியைத் திருப்பிக் காட்டி, நானே செய்தது என்று அளந்துகொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. மேசை விளிம்பில் கிடந்த நீலத் துணியைக் கையில் எடுத்து, திருப்பி, விளிம்புத் தையலை விரலால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். திறந்த மூடிக்குள் நெடுநேரம் பார்த்தார். மண் மணம் அறையை நிறைத்திருந்தது. மழை மணத்தோடு அது சேர்ந்ததில் அன்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

அப்போது கூரை ஒழுகத் தொடங்கியது. முதல் துளி என் தோளில், அடுத்தது மேசையில். ஒரு நிமிடத்துக்குள் மேசையடியில் சீமெந்துத் தரை நனைந்து பளபளத்தது. ஐயோ, பெட்டி நனையப் போகிறது என்ற ஒரே எண்ணம்தான். வெறுங்காலோடு அந்த ஈரத்தில் நின்று, பெட்டியைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினேன்.

"தொடாதேங்கோ!"

அப்படி ஒரு குரலை அந்த அக்காவிடம் நான் கேட்டதே இல்லை. அளவு சொல்லும்போது கூட முணுமுணுக்கிற பெண். என் கைகள் பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டன.

"அதில முடிச்சு இல்லை! தொடாதேங்கோ தங்கச்சி! முதல்ல பிளக்கைப் புடுங்குங்கோ!"

மேசையைச் சுற்றிப்போய், காய்ந்த பக்கம் நின்று, பிளக்கைக் கழற்றினேன். முணுமுணுப்பு நின்றது. அவர் எழுந்து வந்து, பெட்டியைத் தொடாமல், நான் ஸ்க்ரூ போட்டு இறுக்கிய அந்த வயரை மட்டும் விரலால் காட்டினார்.

"இதை ஆர் பெட்டியோட சேர்த்தது?"

"நான்தான் அக்கா. முடிச்சில்லாத வயர்தானே? கரண்ட் இல்லாததெண்டு..."

"முடிச்சு இல்லாததிலதான் கரண்ட்," என்றார். "முடிச்சுப் போட்டா, கட்டியாச்சு எண்டு அர்த்தம். தொடலாம். முடிச்சு இல்லாட்டி அது அவிட்டு விட்ட மாடு, முட்டும். எங்கட வீட்டில மாடு நிண்டது. அப்பிடித்தான் எனக்குச் சொல்லித் தந்தவர்."

அவரைத் தூர நிற்கச் சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, மறுபடி பிளக்கைச் செருகி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறு முனையை நனைந்த தரையிலும் வைத்தேன். இலக்கம் நூறைத் தாண்டிப் போய் நின்றது. பிளக்கை உடனே பிடுங்கினேன். கரண்ட் ஓடுகிற இரும்பை, நனைந்த நிலத்தில் வெறுங்காலோடு நின்று, இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கப் போயிருக்கிறேன். தினமும் என் விரலைத் தடவியது பேயுமில்லை, பிசாசுமில்லை. பெட்டி தன்னாலான மட்டும் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பல்லியும் சொல்லிவிட்டுத்தான் செத்தது. பிள்ளைகளுக்குக் கரண்ட் வருகிற உயிர்க்கம்பி எது, திரும்பிப் போகிற நொதுமல் கம்பி எது என்று வருடா வருடம் எடுத்துக் காட்டுகிற எனக்குத்தான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

அக்காதான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார், என் வீட்டில் எனக்கு.

பிறகு அவர் சொன்னார். பெட்டி அவருடைய கணவருடையது. உடையார்கட்டில் அவர்களுக்குச் சின்ன ரேடியோ திருத்தும் கடை, ஒரு ஜெனரேட்டரில் ஓடியது. ஜெனரேட்டர் இளைத்து வோல்ட் குறைகிற நேரத்தில் மாற்றிப் போடுவதற்குத்தான் அந்தத் தனி வயர், பிளக் போட்டிருக்கும்வரை அதிலும் கரண்ட் நிற்கும். துணி அக்காவின் பழைய பாவாடையில் வெட்டியது. "என்ர தையல் எனக்குத் தெரியாதே?" என்றார். கடைசியாக இடம்பெயர்ந்த நாளில், கிணற்றடியில் கணவர் குழி வெட்ட, அக்கா கிரீஸ் பூசிக் கொடுத்தாராம். வந்து எடுக்கலாம் என்று கணவர் சொன்னாராம்.

"நான் வந்து அந்தக் காணியில தேடினனான் தங்கச்சி. கிணறே மண் மூடித் தூந்துபோச்சு. இடம் பிடிபடேல்லை."

"அவர்?" என்று கேட்டுவிட்டேன். பத்து வருடமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அவர் இன்னும் வரேல்லை," என்றார். சந்தைக்குப் போனவரைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்.

பிறகு அவர் அந்த வயரை மறுபடி பார்த்தார். நான் அதை ஸ்க்ரூவிலிருந்து கழற்றி விட்டிருந்தேன்.

"கட்டவேண்டியதை எல்லாம் முடிச்சுப்போட்டு வைக்கிறவர். ஜெனரேட்டர் வேலை முடிஞ்சா இதையும் ஒதுக்கிக் கட்டித்தான் மூடுவார். அண்டைக்கு மட்டும் இதை விட்டிட்டார். அவசரத்தில விட்டவரோ, வந்து செய்வம் எண்டு விட்டவரோ தெரியாது."

அப்போதுதான் அது நடந்தது. பெட்டியை நான் எப்போதோ ஸ்க்ரூ ட்ரைவரால் இறக்கிவிட்டிருந்தேன். பிளக் மேசையில் கிடந்தது. அந்த முள் மெல்ல எழும்பத் தொடங்கியது. எனக்குப் பழகிய காட்சிதான். அக்கா கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"இது என்ன?"

நான் பொய் சொல்லப் பழகாதவள். அதிலும் என் உயிரைக் காப்பாற்றிய ஒருவரிடம். புத்தகத்தில் இருந்ததையே சொன்னேன்.

"உள்ளுக்குக் கொஞ்சம் கரண்ட் நிண்டுபோகும் அக்கா. எவ்வளவுதான் இறக்கினாலும் அது மிச்சமா இருந்து பிறகு மெல்ல மெல்ல வெளியில வரும்."

"அப்ப முழுக்கப் போகேல்லை."

"இல்லை அக்கா. முழுக்கப் போகேல்லை."

நான் மின்னைப் பற்றித்தான் சொன்னேன். அவர் எதைக் கேட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லியிருக்கலாமா, கூடாதா என்று இன்றுவரைக்கும் யோசிக்கிறேன். அவர் முள் இரண்டில் போய் நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் அழுகை இல்லை. நெடுநாள் கழித்துத் தெரிந்த ஒருவரை வீதியில் கண்டவர் போல இருந்தார்.

மழை விட்டதும் பெட்டியை உரப்பையில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். இது உங்கள் சாமான், நான் வைத்திருக்கக் கூடாது என்றேன். அவர் வாங்கவில்லை.

"என்னட்ட இருந்தா அலுமாரிக்குள்ளதான் கிடக்கும். இவ்வளவு நாளும் மண்ணுக்குள்ள கிடந்தது காணும். உங்களிட்ட இருந்தா வேலை செய்யும்." வாசலில் செருப்பைப் போட்டவர் திரும்பி நின்றார். "ஒண்டு மட்டும். அந்த வயரை நல்லா மூடி ஒதுக்கி விடுங்கோ, ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கக்கூடாது. ஆனால் முடிச்சுப் போடாதேங்கோ. அதை அவர் வந்து போடட்டும்."

நீலத் துணியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதில் என் ஈயக் கறையெல்லாம் பட்டிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். வேலை செய்த இடத்துக் கறைதானே என்றார்.

மறுநாளே டிரிப் சுவிட்சை மறுபடி இணைப்பித்தோம். கணவர் தானே நின்று செய்வித்தார், பகிடி ஒன்றும் விடவில்லை. பெட்டிக்கு மூன்று முனைப் பிளக் போட்டு, புவித்தொடுப்பு வயரை உடலோடு சேர்த்தேன். அந்தத் தனி வயரின் முனையை மூடி, இரண்டு உறை போட்டு, மூலையில் ஒதுக்கி விட்டிருக்கிறேன். முடிச்சுப் போடவில்லை. கப்பாசிற்றருக்குக் குறுக்கே ஒரு சின்ன ரெசிஸ்ரர் போட்டால் முள் எழும்பாது, புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான் போடச் சொல்கின்றன. அதையும் போடவில்லை.

அக்கா இடையிடையே சட்டை கொண்டுவருகிற சாட்டில் வருவார். நான் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கதிரையை இழுத்துப் போடுவேன். இருவரும் தேத்தண்ணி குடிப்போம், முள் எழும்பும்வரை. மண் மணம் இப்போது எனக்குப் பயம் தருவதில்லை. ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்கு வயர்களைக் காட்டி "இதுதான் உயிர்க்கம்பி" என்று சொல்கிற ஒவ்வொரு முறையும், உடையார்கட்டுக் கிணற்றடியில் ஒருவர் முடிச்சுப் போடாமல் விட்டுவிட்டுப் போன அந்தக் கறுப்பு வயர்தான் என் கண்ணுக்குள் வந்து நிற்கிறது.